ஜெனரல் குமாரமங்கலம்

திருவாரூரில் ஆழித்தேர் வீதிவலம் வரும் நாளில், அதனைக் காணச் செல்வோர் யாவரும் அதன் சிகரத்தையே அண்ணாந்து நோக்குவர். வடம் பிடிப்போரின் ஆரவாரத்திலே ஈடுபட்டு நிற்பர். சக்கரத்தின் அருகே கையில் முட்டுக்கட்டையுடன், குனிந்த தலை நிமிராது நடந்து வரும் சில மனிதரைக் கவனிப்போர் மிகச் சிலரே. ஏறக்குறைய 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையதெனச் சொல்லப்படும் அத்தேருக்கு, இரும்புச் சக்கரமும் இயந்திரத் தடையும் பொருத்தப்பெற்ற இந்நாளிலும் முட்டுக்கட்டை வேண்டியே இருக்கின்றது. கட்டையிடுவோன் தன் உயிரைச் சக்கரத்தின் வாயிலே வைத்துத் தன் தொழிலைச் செய்கிறான். சில வேளை கட்டை நசுங்கிப் போவதுமுண்டு. எனினும், இட்ட கட்டை வீணாயிற்று என்று தேரோட்டம் அறிந்தார் எவரும் சொல்லார்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜெர்மானியர் ஓட்டிவந்த இரும்புத் தேர்களின் முன்னே அவ்வாறு கட்டையிட நின்ற தமிழர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுகின்றோம். அவரே பிற்காலத்தில் சுதந்திர பாரதத்தின் தரைப்படைக்கு முதல் தமிழ்த் தளபதியாய் விளங்கிய ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் ஆவார்.

இவர் 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1ஆம் நாள் பிறந்தார். இவருடைய குடும்பம் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன் குடும்பம். அவ்வூர் அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சார்ந்திருந்தது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உளது. தந்தையார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை ராஜதானியின் முதன் மந்திரியாய் இருந்தவர்; பின்னர்க் காங்கிரஸில் சேர்ந்து, 1937இல் அமைந்த இராஜாஜி மந்திரிசபையிலும் இடம் பெற்றவர். தாயார் ராதாபாய், மங்களூர்க் குட்மல் குடும்பத்துப் பெண்மணி. வட்டமேஜை மகாநாட்டில் பங்கு கொண்டவர். 1938இல் மத்திய ராஜாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற் பெண்மணி. இத்தகைய பெற்றோருக்கு மூத்த மகனாய்ப் பிறந்த இவருக்குக் கல்வியாலும் செல்வத்தாலும் எய்தக்கூடிய எவ்வழியும் திறந்தே இருந்தது. இவர் தேர்ந்தெடுத்ததோ போர்வீரர் வாழ்க்கை.

இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் பயின்றபின், உல்விச் ராணுவ கலாசாலையில் பீரங்கிப் படைக்குரிய பயிற்சி பெற்றார். இத்தேர்வின் அருமையை அறிதற்குச் சிறிது பழைய சரித்திரம் அறிதல் வேண்டும். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், பெரும் பீரங்கிகளை இந்தியர் கையில் விடுதல் ஆகாதென்று ஆங்கில அரசாங்கம் முடிவு செய்தது. மலைப் பிரதேசங்களுக்குரிய சிறு பீரங்கிப் படைகள் தவிர, ஏனைய பீரங்கிகள் யாவும் வெள்ளைச் சிப்பாய்களிடமே இருந்தன. ஏறக்குறைய எண்பதாண்டுகள் கழிந்து, 1935ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், பெங்களூரில் இந்தியர்க்கென முதற் களப் பீரங்கிப் படை தொடங்கப்பெற்றது. அத்துறையில் அதிகாரம் பெற்ற இந்தியர் அப்பொழுது விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவருள் ஒருவர் குமாரமங்கலம். நம்பத் தகாதார் என்று ஒதுக்கப்பட்ட ஒரு மக்களினத்தின் கையில் பீரங்கி மீண்டும் வந்தது. அதனைச் செவ்வனே கையாண்டு காட்டும் பொறுப்பு இவ்விளைஞர் சிலரின் தோள்மேல் ஏறிற்று.

1939இல் யுத்தம் மூண்டது. குமாரமங்கலத்து வீட்டில் அஃது ஒரு விசித்திர நிலையை உண்டாக்கிற்று. மூத்தவர் மன்னரின் சேனையில் அதிகாரி. இளையவர் மோகன் குமாரமங்கலமோ கேம்பிரிட்ஜிலிருந்து பொதுவுடைமைக் கொள்கையுடன் திரும்பி, அரசாங்கத்துக்கு எதிராகச் சதி செய்தாரென்று 1940-41இல் நடைபெற்ற சென்னைச் சதி வழக்கில் குற்றவாளியாய் நிறுத்தப்பட்டவர். தங்கை பார்வதியும் அக்கொள்கையையே தழுவினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் அரசுக்காக உயிர் கொடுக்கக் கப்பலேறினார். மற்றொருவரை அவ்வரசே சிறையில் அடைத்தது. அக்காலத்து இந்தியப் படையதிகாரிகள் பலர் நெஞ்சில் இத்தகைய இருமுனைப் போராட்டம் இருந்தே தீரும். நாட்டின் விடுதலை ஒருபுறம். ஹிட்லரின் கொடுங்கோன்மை உலகை விழுங்காதபடி தடுத்தல் மற்றொருபுறம். குமாரமங்கலம் தாம் ஏற்ற கடமையினின்று விலகாது ஆபிரிக்கப் பாலைவனத்தை அடைந்தார்.

அங்கே இவர் எதிர்கொள்ளவிருந்த பகைவரின் இயல்பை இனிக் கூறுதும். பான்ஸர் என்னும் ஜெர்மன் சொல்லுக்குக் கவசம் என்பது பொருள். பான்ஸர் டிவிஷன் என்பது வெறும் டாங்கிகளின் கூட்டமன்று. டாங்கிகளும், அவற்றோடு வண்டிகளில் விரையும் காலாட்படையும், பீரங்கிகளும், பாதை திருத்தும் பொறியாளரும், யாவரையும் இணைக்கும் கம்பியில்லாத் தந்தியும் ஒரே தலைவரின் கீழ் இயங்கும் முழுச் சேனை அது. 1940இல் பிரான்சு தேசத்தைச் சில வாரங்களில் வீழ்த்தியது இத்தகைய சேனைகளின் வேகமே. 1941 பிப்ரவரியில் ஜெனரல் ரோமெல் லிபியாவின் திரிப்போலியில் வந்திறங்கினார். அவரோடு வந்த முதற் ஜெர்மன் படை, 5ஆம் இலகு டிவிஷன் எனப்பட்டது. அவ்வாண்டிலேயே அது 21ஆம் பான்ஸர் டிவிஷன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இதுவும் 15ஆம் பான்ஸர் டிவிஷனுமே புகழ்பெற்ற ஆபிரிக்கா கோர் படையின் இரு கைகளாய் விளங்கின.

இப்படையை இந்தியர் முதன்முதல் எதிர்த்தது 1941 ஏப்ரலில், மெக்கிலி என்னும் பாலைவனக் கோட்டையில். அங்கே இருந்தது 3ஆம் இந்திய மோட்டார் பிரிகேட். 2ஆம் லான்ஸர், 11ஆம் குதிரைப்படை, 18ஆம் குதிரைப்படை என்னும் மூன்று பழைய குதிரைப் படைகளின் தொகுதி அது. குதிரைகளை விட்டிறங்கி லாரிகளில் ஏறியவரேயன்றி, அவர்களிடம் டாங்கி ஒன்றேனும் இல்லை. சரணடையுமாறு பகைவர் விடுத்த அழைப்புகளை மறுத்து நின்று, ஏப்ரல் 8ஆம் நாள் முற்றுகையைப் பிளந்து வெளியேற முயன்றனர். சிலர் தப்பினர், பலர் சிறைப்பட்டனர். அவர்களால் ரோமெலுக்கு நேர்ந்த தாமதம், தொப்ருக் துறைமுகத்தைக் காப்பவர் தம்மை ஆயத்தம் செய்துகொள்ள உதவிற்று. குலைந்த அப்பிரிகேட் மீண்டும் திருத்தியமைக்கப்பெற்று, ஓராண்டு கழித்து அதே ரோமெலின் எதிரே நிற்க நேர்ந்தது. அம்முறை அதற்குத் துணையாய் வந்தது 2ஆம் இந்தியக் களப் பீரங்கிப் படை. அதில் ஒரு பாட்டரிக்குத் தலைவராய் இருந்தவர் மேஜர் குமாரமங்கலம்.

1942 மே மாதத்தில் ஆங்கிலேயரின் காவல் வரிசை, கடற்கரையிலுள்ள கசாலாவிலிருந்து தெற்கே பாலைவனத்துள் பீர் ஹக்கீம் வரை, நாற்பது மைலுக்கு மேல் நீண்டு கிடந்தது. இடையெங்கும் கண்ணிவெடி வயல்கள். தென்கோடியாகிய பீர் ஹக்கீமைச் சுதந்திர பிரெஞ்சுப் படையினர் காத்தனர். அதற்கும் அப்பால், தென்கிழக்கே சில மைல் தொலைவில், 171 என்று நிலப்படத்தில் குறிக்கப்பட்ட ஒரு மேட்டில் 3ஆம் இந்திய மோட்டார் பிரிகேட் நிறுத்தப்பட்டது. வரிசையின் கடைசிப் படையும் அதுவே. ரோமெல் வரிசையைச் சுற்றி வளைப்பாராயின் முதலில் மோதும் படையும் அதுவே. அவ்விடத்துக்கு வந்து சில நாட்களே ஆயின. காவல் வேலைகள் முற்றுப்பெறவில்லை.

இங்கே பீரங்கியின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். களப் பீரங்கி இயல்பாய்ப் படையின் பின்னே நிற்பது; கண்ணுக்குத் தோன்றாத இலக்கின்மீது, கணக்கிட்டு, வானை நோக்கிக் குண்டெறிவது. அக்காலத்து 25 ராத்தல் பீரங்கி, பெயருக்கேற்ப ஏறக்குறைய 25 ராத்தல் எடையுள்ள குண்டை ஏழு மைலுக்கு அப்பாலும் எறியவல்லது. டாங்கிகளை எதிர்க்க வேறு சிறு பீரங்கிகள் இருந்தன. ஆனால் அவற்றின் 2 ராத்தல் குண்டு ஜெர்மன் டாங்கிகளின் முன்கவசத்தைப் பிளக்கப் பெரும்பாலும் போதவில்லை. அவையும் அப்பிரிகேடில் போதிய அளவு இல்லை. ஆகவே பாலைவனத்தில் களப் பீரங்கியே முன்னணிக்கு வந்து, குழலைத் தாழ்த்தி, கண்ணெதிரே வரும் டாங்கியை நேர்க்குறி வைத்துச் சுடவேண்டியதாயிற்று. அதனை இயக்குவோர் ஆறு பேர். அவர்களைக் காப்பது ஒரு சிறு இரும்புப் பலகை மட்டுமே. டாங்கி நெருங்கி வரும்வரை சுடாது காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கும் அச்சில நிமிஷங்களில் நடுங்காத கையே பீரங்கி வீரனின் முழு வீரமும் ஆகும்.

மே 26ஆம் நாள் மாலை ரோமெல் புறப்பட்டார். ஏறக்குறைய பதினாயிரம் வண்டிகள், நிலவொளியில், தூசுப்படலத்தை எழுப்பியவாறு தெற்கே விரைந்து, பீர் ஹக்கீமைச் சுற்றி வளைத்தன. 15ஆம், 21ஆம் பான்ஸர் டிவிஷன்களும், 90ஆம் இலகு டிவிஷனும், அரியேத்தே என்னும் இத்தாலியக் கவச டிவிஷனும் அதில் இருந்தன. மறுநாள் 27ஆம் தேதி பொழுது புலர்ந்தபோது, 171ஆம் மேட்டில் நின்ற இந்தியரின் கண்ணெதிரே அடிவானம் முழுவதும் வண்டிகளாய்த் தோன்றிற்று. ஒரு முழுக் கவச சேனையே எதிரில் அணிவகுத்து நிற்பதாகப் பிரிகேட் தலைவர் மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார். உதவி வருதற்குரிய நேரம் இல்லை. காலை ஆறரை மணி அளவில் தாக்குதல் தொடங்கிற்று.

அரியேத்தே டிவிஷனின் டாங்கிகளே பெரும்பாலும் அம்மேட்டின்மேல் மோதின. 21ஆம் பான்ஸர் டிவிஷனைச் சேர்ந்த சில டாங்கிகளும் உடன் வந்தன. இந்தியப் பீரங்கிகள் நெருக்கத்தில் சுட்டன. டாங்கிகள் பல எரிந்து நின்றன. நின்றவற்றைச் சுற்றிக்கொண்டு பின்வந்தவை முன்னேறின. பீரங்கிகள் ஒவ்வொன்றாய் வாய் அடைந்தன. அவற்றின் அருகிலேயே வீரர் பலர் மடிந்தனர். அப்பிரிகேடில் சேர்ந்திருந்த வால்டர் கோவன் என்னும் எழுபது வயது ஆங்கிலக் கடற்படைத் தலைவர், கைத்துப்பாக்கி ஒன்றைக் கொண்டே டாங்கியை எதிர்த்துப் பிடிபட்டார் எனின், அக்காலையின் நிலையை ஒருவாறு ஊகிக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் யாவும் முடிந்தது. கொல்லப்பட்டோரும் காயமுற்றோருமாய் ஏறக்குறைய 440 பேர். சிறைப்பட்டோர் ஏறக்குறைய ஆயிரம் பேர். மேஜர் குமாரமங்கலமும் பகைவர் கையில் கைதியானார். அன்று தம் பாட்டரியை நடத்திய தீரத்துக்காக இவருக்கு டி.எஸ்.ஓ. என்னும் உயர்ந்த விருது அளிக்கப்பட்டது. தோற்ற போரில் பெற்ற விருது அது.

அவ்வெதிர்ப்பு வீணோ என்று வினவுவார் இருக்கலாம். மேட்டைக் கடந்த அரியேத்தே அன்று காலையிலேயே பீர் ஹக்கீமைத் தாக்கிற்று; அங்கே பிரெஞ்சுக்காரரின் பீரங்கிகளுக்கும் கண்ணிவெடிகளுக்கும் ஏறக்குறைய முப்பது டாங்கிகளைப் பலி கொடுத்துப் பின்வாங்கிற்று. தண்ணீர் கொடுக்க இயலாமையால் பகைவர் பாலைவனத்தில் விட்டுச்சென்ற இந்தியக் கைதிகள் பல நூற்றுவர், தாகத்தால் தளர்ந்து அதே பீர் ஹக்கீமை அடைந்தனர். பிரெஞ்சுப் படையினர் தம்மிடமிருந்த சொற்ப நீரை அவர்களோடு பகிர்ந்துகொண்டனர். அக்கோட்டை ஜூன் 10ஆம் நாள் இரவு வரை நிலைத்து நின்றது. தொப்ருக் ஜூன் 21ஆம் நாள் வீழ்ந்தது உண்மையே. ஆயினும் எகிப்தினுள் எல் அலமெயினில் ரோமெலின் தேர் நின்றுபோயிற்று. அதனை நிறுத்தியது ஒரே கட்டையன்று. வழிநெடுக இடப்பட்ட பல கட்டைகள். அவற்றுள் ஒன்று 171ஆம் மேடு.

கைதியான குமாரமங்கலம் இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே அவெர்ஸா என்னும் ஊரிலிருந்த முகாமில் இந்திய அதிகாரிகள் பலர் அடைக்கப்பட்டிருந்தனர். அவருள் மூத்தவராதலின் முகாமின் தலைமை இவருக்கு வந்தது. இவருக்குத் துணையாய் நிர்வாகம் பார்த்தவர் யாஹ்யா கான் என்னும் இளைஞர். உணவும் உடையும் பங்கிடும் பொறுப்பை வகித்தவர் டிக்கா கான். இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் ஒரே அடுப்பின் உணவை உண்டு, ஒரே வேலிக்குள் நடந்து, ஒரே விடுதலையை எதிர்நோக்கி நாட்களைக் கழித்தனர். கைதி முகாமில் தலைமை வகித்தல் களத்தில் தலைமை வகித்தலினும் கடினம். அங்கே வெற்றி இல்லை, பதக்கம் இல்லை. சோர்வும் பசியும் மனக்கசப்புமே உண்டு. மனிதர் மனிதராய் நிலைக்கும்படி செய்வதே அத்தலைமையின் முழு வேலை. இத்தாலியில் இவர் தப்பிச் செல்லவும் முயன்றார்; ஆனால் மீண்டும் பிடிபட்டு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். யுத்தம் முடிந்த பின்னரே தாய்நாடு திரும்பினார்.

இதற்கிடையில் 21ஆம் பான்ஸர் டிவிஷனின் கதி யாதாயிற்று? அதன் தலைவருள் ஒருவராகிய ராவென்ஸ்டைன் 1941 நவம்பரில் நியூஸிலாந்துப் படையினரிடம் சிறைப்பட்டிருந்தார். மற்றொருவராகிய பிஸ்மார்க் 1942 ஆகஸ்டு இறுதியில் ஆலம் ஹல்ஃபாப் போரில் மாண்டார். அவ்வாண்டு அக்டோபர் 23 முதல் நவம்பர் 4 வரை நடந்த எல் அலமெயின் பெரும்போரில் அப்படை நொறுங்கிற்று. எஞ்சியது டூனிஸியா வரை பின்வாங்கி, 1943 மே மாதத்தில் சரணடைந்தது. அப்பொழுது ஜெர்மானியரின் தலைமைத் தளபதி வான் ஆர்னிம் சரண் புகுந்தது 4ஆம் இந்திய டிவிஷனிடமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் அவ்வெண்ணையும் பெயரையும் கொண்டு பிரான்சில் மீண்டும் ஒரு படை திரட்டப்பட்டது. 1944 ஜூன் 6ஆம் நாள் நேசப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது அருகிலிருந்த ஒரே பான்ஸர் டிவிஷன் அதுவே. எனினும் அவ்வெள்ளத்தை அதனால் தடுக்க இயலவில்லை. 1945 ஏப்ரலில் பெர்லினுக்குத் தென்கிழக்கே சோவியத்துச் சேனைகளின் நடுவே அகப்பட்டு அழிந்தது. ஐரோப்பாவை நடுங்கச் செய்த படை பெயரளவில் சரித்திரத்தில் நின்றது. அதன் கைதியாய்ச் சென்ற தமிழரோ தம் நாட்டுக்கு உழைக்கத் திரும்பி வந்தார்.

அவர் திரும்பிய நாடு விரைவிலேயே இரண்டாய்ப் பிரிந்தது. 1947இல் நிலம் பிரிந்தது போலவே சேனையும் பிரிந்தது. 171ஆம் மேட்டில் தோளோடு தோள் நின்ற மூன்று குதிரைப் படைகளுள், 2ஆம் லான்ஸரும் 18ஆம் குதிரைப்படையும் இந்தியாவுக்கு வந்தன. 11ஆம் குதிரைப்படை பாகிஸ்தானுக்குச் சென்றது. முகாம்த் தோழரும் அவ்வாறே பிரிந்தனர். குமாரமங்கலம் இந்தியச் சேனையில் படிப்படியாய் உயர்ந்து, கிழக்குப் பிராந்தியத் தளபதியாய் இருந்து, 1965 தொடக்கத்தில் துணைத் தலைமைத் தளபதி ஆனார்.

அவ்வாண்டு செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. பஞ்சாபின் அசல் உத்தரில், 8ஆம் நாள் முதல் 10ஆம் நாள் வரை, அமெரிக்கர் செய்த பாட்டன் டாங்கிகள் பெருந்தொகையாய் வந்து மோதின. அவற்றை எதிர்த்து நின்ற காலாட்படை, பழைய 4ஆம் இந்திய டிவிஷனின் வழிவந்ததாகும். அங்கே ஜீப்பில் பூட்டிய சிறு பீரங்கி ஒன்றைக் கொண்டு டாங்கிகளை அழித்து உயிர் நீத்த ஹவில்தார் அப்துல் ஹமீது பரம்வீர் சக்கரம் பெற்றார். இருபத்து மூன்று ஆண்டுகட்கு முன் லிபியாவில் நிகழ்ந்த அதே காட்சி, பெரிய இரும்பின் முன்னே சிறிய பீரங்கியும் அசையாத மனமும், மீண்டும் நிகழ்ந்தது; இம்முறை தேர் நின்றது. டில்லியில் துணைத் தளபதியாய் இருந்து அச்செய்தியைக் கேட்டவருக்கு அதன் பொருள் பிறரினும் நன்கு விளங்கியிருக்கும்.

1966 ஜூனில் குமாரமங்கலம் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆனார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே பாகிஸ்தான் சேனையின் தலைமையை ஏற்றவர், அவெர்ஸா முகாமில் இவர்க்குத் துணையாய் இருந்த யாஹ்யா கான். உணவு பங்கிட்ட டிக்கா கானும் 1972இல் அப்பதவியை அடைந்தார். ஒரு கைதி முகாமின் மூவர், பகைமை பூண்ட இரு சேனைகளுக்குத் தலைவராயினர் என்பது சரித்திரத்தில் எளிதிற் காணக்கூடிய செய்தியன்று. எல்லையின் இருபுறமும் நிற்போர் முன்னொரு நாள் ஒரே கலத்தில் உண்டவர் என்னும் உண்மை, இரு நாட்டாரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இவர் தலைமையில் இருந்தபோது, 1967இல் சிக்கிம் எல்லையில் நாதுலா, சோலா என்னும் கணவாய்களில் சீனப் படையினர் தொடுத்த மோதலை நம் வீரர் பீரங்கித் துணையோடு உறுதியாய் எதிர்த்து நின்றனர். 1962இன் தோல்வியால் தளர்ந்த சேனைக்கு அது புத்துயிர் ஊட்டிற்று. தோல்வியின் சுவையைத் தாமே அறிந்த ஒருவர் அக்காலத்தில் தலைமையில் இருந்தது நன்மையே. 1969இல் ஓய்வு பெற்று, பொறுப்பை மானெக்ஷாவிடம் ஒப்புவித்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது பெற்றார். ஆங்கில மன்னரின் ஆணைப்பத்திரம் பெற்ற அதிகாரிகளுள் இந்தியத் தரைப்படையின் தலைமையை வகித்த கடைசியானவர் இவரே. 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலக வாழ்வை நீத்தார். சென்னைச் சதி வழக்கில் நின்ற தம்பி மோகன், பிற்காலத்தில் மத்திய மந்திரியாகி, 1973இல் விமான விபத்தில் முன்னரே மறைந்திருந்தார். ஒரே வீட்டினின்று இரு வழியாய்ப் பிரிந்து சென்ற அவ்விருவரும் முடிவில் ஒரே நாட்டுக்கே தொண்டு செய்தனர்.

மாணாக்க நண்பர்களே, பரீட்சையிலும் உத்தியோகத்திலும் வெற்றி பெற்றோரையே நாம் பெரியோர் எனக் கொண்டாடுகின்றோம். குமாரமங்கலத்தின் வாழ்வில் மிகப் பெரிய நாள், அவர் தலைமைத் தளபதியான நாளன்று. பீரங்கிகளை இழந்து, தோழரை இழந்து, கைதியாய் நின்ற 1942 மே 27ஆம் நாளே என்று யாம் கருதுகின்றோம். அந்நாளில் தளராமையே பின்னர் முகாமில் தலைமையாயிற்று. முகாமின் தலைமையே முடிவில் நாட்டின் சேனைக்குத் தலைமையாயிற்று. பங்குனியில் மீண்டும் ஆழித்தேர் ஓடும். சிகரத்தைக் கண்டு மகிழுங்கால், சக்கரத்தின் அருகே குனிந்து நடப்போரையும் ஒருமுறை நோக்குவீராக.